பாரிமுனையில் ஒரு செயின் கடை: மாவு மிஷின்காரியின் விமர்சனம்

பாரிமுனையில் லிங்கி செட்டி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பாதி மாடிப்படிக்கு அடியிலும் பாதி தெருவிலுமாக இருக்கிறது, மிஷின்களுக்கு மாட்டும் இரும்புச் செயின் விற்கும் இந்தக் கடை. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். வருகிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லையாம். பெயர் சொல்லாத கடைக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். அவர் செயின் விற்கிற விதம் தெரிந்தால், நீங்கள் வேறு எந்தக் கடைக்குப் போனாலும் என்ன கேட்டு வாங்குவது என்று தெரியும். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

நான் கொரட்டூரில் முறுக்கு, தட்டை, சீடை போட்டு விற்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். படித்தது பி.காம். மிஷின் அறிவெல்லாம் மிஷின் கொடுத்த தலைவலியில் வந்ததுதான். மாவு பிசைகிற மிஷினில் 2 எச்.பி. மோட்டார். அது நிமிஷத்துக்கு 1440 சுற்று ஓடும். கியர்பாக்ஸ் அதை 72 ஆகக் குறைக்கும். அங்கிருந்து செயின் வழியாக 32 சுற்றில் தொட்டிக்குள் இருக்கும் கத்தி சுழலும். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் எங்களுக்கு ஓயாத தொல்லை. கெட்டி மாவு விழுந்ததும் செயின் பல் தாண்டி 'டக் டக்' என்று அடிக்கும், அப்புறம் ஒருநாள் அறுந்து கீழே கிடக்கும். அதுவும் தீபாவளி ஆர்டர் நேரம் பார்த்துத்தான் அறுக்கும்.

பெல்ட்டுக்கு மாற்றிவிடு என்று சிலர் சொன்னார்கள். 72 சுற்று மாதிரி மெதுவாக ஓடுகிற, ஆனால் இழுவை அதிகமாக இருக்கிற இடத்தில் வி-பெல்ட் வழுக்கும். செயின் வழுக்காது. நல்ல நிலையில் உள்ள ரோலர் செயின் (மூட்டுக்கு மூட்டு சின்ன உருளை வைத்த செயின்), வாங்கிய சக்தியில் 98 சதவீதம் வரை அடுத்த ஷாஃப்டுக்கு, அதாவது சுழலும் தண்டுக்கு, கொடுத்துவிடும். ஆக, செயின் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் அது வேறு அளவு செயின். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்தான் இந்தக் கடைப் பெரியவர்.

கொரட்டூரில் பீச் போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். அறுந்த செயினையும், அது ஏறுகிற பல் வீலான சின்ன ஸ்ப்ராக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். கவுன்டரில் வைத்ததும் அவர் அதைத் தொடவே இல்லை. "என்ன மிஷின்மா?" என்றார். மோட்டார் எத்தனை எச்.பி.? செயின் மாட்டுகிற ஷாஃப்ட் எத்தனை சுற்று? இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? லோடு சீராக வருமா, உதறி உதறி வருமா? ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதினார். அதற்கு முன் நான் செயின் வாங்கிய இடங்களில் கேள்வி இரண்டுதான்: அரை இஞ்சா? எத்தனை அடி?

அப்புறம்தான் வெர்னியரை எடுத்தார். என் செயினின் ரோலரை அளந்தால் 7.9 மி.மீ. "இது அமெரிக்க சைஸ். உங்க வீல் பிரிட்டிஷ் சைஸ்" என்றார். பெட்டியிலிருந்து வேறொரு அரை இஞ்ச் செயின் துண்டை எடுத்து என் ஸ்ப்ராக்கெட்டின் பல் இடுக்கில் வைத்தார், ரோலர் கச்சிதமாக உட்கார்ந்தது. என் செயினை வைத்தார், ரோலர் உள்ளே லொடலொட என்று ஆடியது. கையால் அசைத்துக் காட்டினார்.

விஷயம் இதுதான். செயினின் ஒவ்வொரு மூட்டிலும் குறுக்கே போகிற ஆணிதான் பின். பிட்ச் என்பது ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை உள்ள தூரம். அரை இஞ்ச் பிட்ச் செயின் இரண்டு வரிசையில் வருகிறது. அமெரிக்க வரிசையில் அதன் நம்பர் 40, அதையே 08 ஏ என்றும் சொல்வார்கள். பிரிட்டிஷ் வரிசையில் 08 பி. இரண்டுக்கும் பிட்ச் 12.7 மி.மீ. தான். ஆனால் ஏ-வில் ரோலர் விட்டம் 7.92 மி.மீ., பி-யில் 8.51 மி.மீ. அறுகிற பலமும் வேறு. 08 பி குறைந்தது சுமார் 1,800 கிலோ தாங்க வேண்டும், 08 ஏ சுமார் 1,400 கிலோ. எனக்கு முன்பு செயின் விற்ற ஒரு கடையில் 08 பி வீலுக்கு 08 ஏ செயினைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மாட்டிப் பார்த்தால் ஓடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நம்பரைப் படிக்க அவர் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்க நம்பரில் முதல் எண் நூல் கணக்கு. 40 என்றால் 4 நூல், அதாவது அரை இஞ்ச். 50 என்றால் 5 நூல், 60 என்றால் 6 நூல். கடைசியில் உள்ள பூஜ்யம் அது சாதாரண ரோலர் செயின் என்பதற்கு அடையாளம். அங்கே 5 இருந்தால் ரோலரே இல்லாத வகை. பிரிட்டிஷ் நம்பரோ அரை நூல் கணக்கு. 08 என்றால் எட்டு அரை நூல், 12 என்றால் பன்னிரண்டு அரை நூல், அதாவது முக்கால் இஞ்ச். தச்சு வேலைக்காரர், வெல்டர் என்று எல்லோரும் நூல் கணக்கில் பேசுகிற ஊரில், இதை இத்தனை வருஷம் யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை.

அடுத்து என் செயினின் ஒரு லிங்கில் பின் தலையை கிரைண்டரில் தேய்த்து, பின்னைத் தட்டி எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது. மறுபக்கம் நகத்தை ஓட்டினால் படி தட்டியது. செயின் நீண்டுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோமே, தகடு ஒன்றும் நீளுவதில்லை. வெளித்தகடுகளில் பின் இறுக்கமாக அடித்திருக்கும், உள்தகடுகளில் புஷ் என்கிற சின்னக் குழல் இறுக்கமாக அடித்திருக்கும். பின் புஷ்ஷுக்குள் திரும்பும், ரோலர் புஷ்ஷுக்கு மேல் சுதந்திரமாகச் சுற்றும். பல்லின் மேல் உருளுவது ரோலர், அதனால் பல்லில் உராய்வு குறைவு. தேய்மானம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை தேய்ந்தாலும், அத்தனை மூட்டும் சேர்ந்து மொத்த நீளத்தில் காட்டிவிடும். ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-இல் மான்செஸ்டரில் இந்தப் புஷ்-ரோலர் அமைப்பைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிகளையும் சுற்றியது ரோலர் செயின்தான். விசிறிகள் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டு வடிவில் குறுக்கே போட்டிருந்தார்களாம். பறக்கிறதுக்கே செயின் போதும் என்றால் முறுக்கு மாவுக்குப் போதாதா என்று கேட்டேன். "போதும்மா, சைஸ் சரியா இருந்தா" என்றார்.

அந்த சைஸ் கணக்கை எழுதியே காட்டினார். இதற்காகவே அந்தச் சந்தில் காத்து நிற்கலாம். ஒரே 2 எச்.பி., 1440 சுற்றில் வந்தால் இழுவை கொஞ்சம்தான். 72 சுற்றுக்கு இறங்கிவிட்டால் அதே சக்தி பெரிய முறுக்கு விசையாக மாறிவிடும். கியர்பாக்ஸில் வீணாவது போக, ஏறத்தாழ 160 நியூட்டன் மீட்டர். அதைச் செயின் எவ்வளவு இழுவையாகச் சுமக்கிறது என்பது ஸ்ப்ராக்கெட்டின் சுற்றளவைப் பொறுத்தது. என்னிடம் இருந்தது 13 பல். அதன் பல்வட்டத்தின், அதாவது அதன் மேல் செயின் சுற்றுகிற வட்டத்தின், விட்டம் 53 மி.மீ. மட்டுமே. அதில் செயின் மேல் வரும் இழுவை சுமார் 600 கிலோ. சரியான 08 பி-யையே போட்டிருந்தாலும், 1,800 கிலோவில் அறுகிற செயினுக்கு 600 கிலோ வேலை. மூன்று மடங்கு பாதுகாப்பு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செயினுக்கு ஏழு, எட்டு மடங்காவது வேண்டும். கெட்டி மாவில் மிஷினை ஸ்டார்ட் செய்யும்போது வருகிற உதறலில் இழுவை பல மடங்கு எகிறும். அதோடு, அறுகிற பலம் என்பது ஒரே தடவை இழுத்து அறுப்பது. தினம் ஆயிரக்கணக்கான தடவை இழுத்து விட்டால் அதைவிட எவ்வளவோ குறைவான இழுவையிலேயே தகடு வெடிப்பு விடும். மிஷின் செய்து கொடுத்தவர் ஸ்ப்ராக்கெட்டில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததுதான் எங்கள் தொல்லைக்கு மூலம்.

அவர் சொன்ன மாற்று: 12 பி, அதாவது முக்கால் இஞ்ச் செயின். சின்ன வீல் 17 பல், பெரிய வீல் 38 பல். வேகம் முன்பு இருந்த அதே 32 சுற்று. பல்வட்டம் 104 மி.மீ. ஆவதால் இழுவை சுமார் 310 கிலோவுக்கு இறங்குகிறது. 12 பி தாங்குவது 2,900 கிலோவுக்கு மேல். மூன்று மடங்கு இருந்த இடத்தில் ஒன்பது மடங்கு.

ஏன் 17 என்று கேட்டேன். செயின் வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு லிங்க் ஏறும்போதும் செயின் கொஞ்சம் உயர்ந்து இறங்கும், அதன் வேகமும் கூடிக் குறையும். 13 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட 3 சதவீதம், 17 பல்லில் 1.7, 25 பல்லில் 1-க்கும் கீழே. பல் குறைந்தால் ஒவ்வொரு மூட்டும் அதிகமாக மடங்க வேண்டும், தேய்மானமும் கூடும். 17-க்குக் கீழே போகாதே என்பது அவருடைய சட்டம். அதுவும் ஒற்றைப்படையாக இருப்பது நல்லது என்றார். லிங்க் எண்ணிக்கை இரட்டைப்படை, பல் ஒற்றைப்படை என்றால் ஒரே பல்லில் ஒரே ரோலர் திரும்பத் திரும்ப விழாது, எல்லாம் சமமாகத் தேயும்.

நீளக் கணக்கும் அங்கேயே. எங்கள் மிஷினில் ஷாஃப்டுகளுக்கு நடுவே 600 மி.மீ. கணக்குப் போட்டால் 90.85 லிங்க் வருகிறது. 91 என்று வெட்டினால் ஒற்றைப்படை. கோணலான ஹாஃப் லிங்க் ஒன்றைச் சேர்த்தால்தான் இரு முனையும் சேரும். செயினிலேயே பலவீனமான இடம் அந்த ஹாஃப் லிங்க்தான். அதனால் 92 லிங்க் வெட்டிக் கொடுத்து, கியர்பாக்ஸை 11 மி.மீ. பின்னுக்குத் தள்ளச் சொன்னார். மாட்டும்போது அச்சாக அந்த 11 மி.மீ. தான் வந்தது. 92 லிங்க் என்பது 5 அடி 9 இஞ்ச். அடிக்கணக்கில் விற்கிற கடையில் ஆறு அடி தலையில் கட்டியிருப்பார்கள். இவர் லிங்க் எண்ணி அதற்கு மட்டும் பில் போட்டார்.

பிராண்டைப் பொறுத்தவரை, அவரிடம் டைமண்டும் ரோலானும் உண்டு. ஒன்று நம் அம்பத்தூர், இன்னொன்று கோயம்புத்தூர் எல்.ஜி.பி. கொரட்டூரிலிருந்து பாரிமுனை வரை போய் அம்பத்தூர் செயினை வாங்கிக்கொண்டு திரும்பி வருவது எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. இந்த இரண்டின் விலையில் பாதிக்கும் குறைவாகப் பெயரில்லாத செயினும் தெருவில் கிடைக்கிறது. அது இவர் கடையில் இல்லை. கேட்டால், பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று வழியும் சொல்கிறார். நல்ல செயினைக் கையில் பிடித்துப் பார்த்தால் எல்லா ரோலரும் விரலால் தள்ளினால் சுற்றும், எந்த மூட்டும் விறைத்து நிற்காது, தகட்டில் நம்பரும் கம்பெனி முத்திரையும் தெளிவாக இருக்கும். நான் டைமண்ட் வாங்கினேன். இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பழைய வீலிலேயே புதுச் செயினைப் போடலாமா என்று கேட்பவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். நான் நின்ற நேரத்திலேயே ஒருவரை அனுப்பினார். தேய்ந்த வீலின் பல், கொக்கி மாதிரி ஒரு பக்கம் வளைந்திருக்கும். அதில் புதுச் செயின் ஏறினால் சீக்கிரமே அதுவும் பழைய செயினாகிவிடும். அந்த ஆள் கோபமாகப் போனார். வியாபாரம் போனது பற்றிப் பெரியவருக்குக் கவலை இல்லை.

இப்போது அந்த அரை மதிப்பெண். ஸ்ப்ராக்கெட் ஓட்டை முழு அளவில் வராது, சின்ன பைலட் ஓட்டையோடுதான் வரும். எங்கள் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் 25 மி.மீ. அந்த அளவுக்கு ஓட்டையைக் குடைந்து, வீல் ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்க 8 மி.மீ. கீவே என்கிற காடி வெட்ட வேண்டும். இந்த வேலைக்கு வீலை வெளியே லேத்துக்கு அனுப்புகிறார். நாளைக்கு என்பார். நாளைக்குப் போனால் மறுநாள் என்பார். போன் எடுப்பதே இல்லை. 38 பல் வீல் ஸ்டாக்கிலும் இல்லை, சொல்லி வரவழைத்தார். பல்லைச் சூடேற்றிக் கடினமாக்கிய சி-45 எஃகு வீல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இன்னும் தாமதம். அவசரம் என்றால் வீலை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து பாடியிலோ அம்பத்தூரிலோ உங்களுக்குத் தெரிந்த லேத்தில் கொடுத்துவிடுங்கள். ஒன்று, ஓட்டை மையம் தப்பாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் செயின் இறுகித் தளரும்.

வண்டி நிறுத்த இடமே கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மினி லாரிகளுக்கு நடுவே சைக்கிள் நுழைவதே பெரிய காரியம். ஜிஎஸ்டி பில் கேட்காமலே கொடுக்கிறார், ஜிபே உண்டு, கடன் கிடையாது.

மாட்டுவது எங்கள் ஃபிட்டர் தம்பியின் வேலை. ஆனாலும் பெரியவர் என்னிடம் சொல்லி அனுப்பியவை இருக்கின்றன. இரண்டு வீலும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நேரான பட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். இழுக்கிற பக்கம் மேலே, தளர்ந்த பக்கம் கீழே வர வேண்டும். கீழ்ப்பக்கத்தின் நடுவே ஏறத்தாழ அரை இஞ்ச் தொங்கல் இருக்கட்டும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் பேரிங் போய்விடும். செயினின் இரு முனையையும் சேர்க்கிற ஜாயின்ட் லிங்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால். "தெரியும்கா" என்று தம்பி சொன்னான். ஆனாலும் நின்று பார்த்தேன். எங்களிடம் வேலை செய்கிறவர்கள் எல்லாம் பெண்கள். புடவை முந்தானையும் துப்பட்டாவும் கிட்டவே வர முடியாதபடி தகரக் கவர் போட்ட பிறகுதான் சுவிட்சைத் தொட விட்டேன்.

எண்ணெய் விஷயத்தில் நிறையப் பேர் கிரீஸை அள்ளி அப்புகிறார்கள். கிரீஸ் வெளியே நிற்கும், பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போகாது. எங்கள் மாதிரி மாவு பறக்கிற இடத்தில் அது மாவையும் சேர்த்துப் பிடித்துக் களியாகிவிடும். தேவை எண்ணெய். அதுவும் உள்தகடும் வெளித்தகடும் சேருகிற விளிம்பில், தளர்ந்த பக்கத்தில் விட வேண்டும். அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே இறங்கும். எங்கள் செயின் விநாடிக்கு 40 செ.மீ. கூட ஓடுவதில்லை. அதனால் ஷிஃப்டுக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தடவினால் போதும், செயின் எண்ணெயில் முங்கி ஓடுகிற ஆயில் பாத்தெல்லாம் வேண்டாம். 40 டிகிரி வெயில் வரை 30 நம்பர் ஆயில், அதற்கு மேல் போனால் 40 நம்பர் என்பது பொதுவான அளவு. அடுப்பு எரிகிற எங்கள் கூடத்தில் மே மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டுச் சாமான் என்பதால் உணவுத் தரமுள்ள எச்-1 ஆயிலைத்தான் வாங்குகிறேன், செயினுக்குக் கீழே ஒரு தட்டும் வைத்திருக்கிறோம். எச்-1 ஆயில் இந்தக் கடையில் கிடையாது, தனியாகத் தேட வேண்டும். புதுச் செயினில் கம்பெனி பூசிய பிசுபிசுப்பை மண்ணெண்ணெயில் கழுவிவிடாதீர்கள். உள்ளே இறங்கியிருக்கும் முதல் எண்ணெய் அதுதான்.

தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். செயினை இழுத்துப் பிடித்து, அரை இஞ்ச் செயினில் 24 பிட்ச், முக்கால் இஞ்சில் 16 பிட்ச் எண்ணுங்கள். புதிதில் இரண்டுமே சரியாக ஓர் அடி. அது ஓர் அடி 3 நூலைத் தொட்டால் 3 சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். கழற்றிவிட வேண்டியதுதான். எங்கள் புதுச் செயினை மாதா மாதம் கணக்கு முடிக்கிற அன்று அளக்கிறோம். ஸ்கேலில் இன்னும் வித்தியாசம் தெரியவில்லை. பல் தாண்டுகிற அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

அடுத்து எண்ணெய்ச் சட்டியிலிருந்து தட்டையை எடுத்து வருகிற கன்வேயருக்கு, தகட்டில் காது வைத்த அட்டாச்மென்ட் செயின் வேண்டும். எத்தனை லிங்குக்கு ஒரு காது, ஓட்டை எந்த அளவு, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று வரைந்து கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். வரைபடம் இல்லாமல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம்.